தயங்கும் மாணவருக்கு ஊக்கத்தை வெளியிலிருந்து ஊட்ட முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மாணவர்களுக்குப் படிப்பில் ஆர்வமே இல்லை என்ற குறை தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அடிக்கடி இடம்பெறுகிறது. பெற்றோர் எழுதினால் செல்பேசியைக் குறை சொல்கிறார்கள். மூத்த ஆசிரியர்கள் எழுதினால் கண்டிப்பு போய்விட்டது என்கிறார்கள். இளைய ஆசிரியர்களோ வகுப்பில் நெருக்கியடிக்கும் மாணவர் எண்ணிக்கையையும் முடித்தாக வேண்டிய பாடங்களின் சுமையையும் சுட்டுகிறார்கள். மூன்று தரப்பார் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூவரும் கேள்வியின்றி ஏற்றுக்கொண்ட ஓர் எண்ணம் அவற்றுக்கு அடியில் கிடக்கிறது. ஊக்கம் என்பது அந்த மாணவரிடம் இல்லாத ஒன்று, அதை அச்சுறுத்தியோ ஆசை காட்டியோ அறிவுரை சொல்லியோ நாம்தான் அவருக்குள் செலுத்த வேண்டும் என்பதே அந்த எண்ணம். பல ஆண்டுகளாக நடுநிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பித்து வருபவன் என்ற முறையில், இந்த எண்ணம் தவறு என்றும், தயங்கும் மாணவருக்காக நாம் எடுக்கும் முயற்சிகளில் பெரும்பாலானவை வீணாவதற்கு அதுவே காரணம் என்றும் எழுத விரும்புகிறேன்.

படிக்க மறுக்கும் மாணவரைச் சற்று நெருங்கிப் பார்த்தால் அவருடைய மறுப்பில் ஒரு நியாயம் இருப்பது தெரியும். 1/2 உடன் 1/3-ஐக் கூட்டச் சொன்னால், மேலே உள்ள எண்களைத் தனியாகவும் கீழே உள்ள எண்களைத் தனியாகவும் கூட்டி 2/5 என்று எழுதுபவர்கள் ஏராளம். பாதியோடு இன்னும் ஒரு பங்கைச் சேர்த்த பிறகு விடை பாதியைவிடக் குறைந்துவிட்டதே என்று அவர்களுக்குத் தோன்றவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் முழு எண்களில் அதுவரை பலன் தந்துவந்த முறையை அவர்கள் இங்கும் நேர்மையாகவே பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். அந்த விடையின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு விழுகிறது. அடுத்த கணக்கிலும் அப்படியே. எங்கே பிசகியது என்று யாரும் உட்கார்ந்து சொல்லாமல் ஒரு பருவம் முழுவதும் இது நடந்தால், புத்தியுள்ள எந்த மனிதரும் வரக்கூடிய முடிவுக்கே அந்த மாணவரும் வந்து சேர்கிறார்: இந்தப் பாடத்தில் தான் போடும் உழைப்புக்கும் கிடைக்கும் விளைவுக்கும் தொடர்பில்லை என்ற முடிவு அது. அதன்பின் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எழுதாத பக்கத்தை முழங்கையால் மறைத்தபடி, கரும்பலகையையே உற்றுப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருக்கப் பழகிக்கொள்கிறார். பேனா கொண்டுவரவில்லை, நோட்டு வீட்டில் இருக்கிறது, தலை வலிக்கிறது என்பன போன்ற பதில்கள் அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியே.

மானமும் இதில் அடங்கியிருக்கிறது. முயன்று தோற்றவனுக்கு மக்கு என்று பெயர். முயலாமல் தோற்றவனுக்குச் சோம்பேறி என்று பெயர். இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்றால் வளரிளம் பருவத்தில் இருக்கும் யாரும் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். "நல்ல மூளை, நினைத்தால் படித்துவிடுவான், ஆனால் நினைப்பதில்லை" என்று ஆசிரியர் அறையில் அலுத்துக்கொள்கிறோமே, அது அந்த மாணவன் அரும்பாடுபட்டுக் காப்பாற்றி வைத்திருக்கும் பெயர். அந்தப் பெயருக்குக் கேடு விளைவிக்கக்கூடிய எந்த வேலையிலும் அவன் கைவைக்க மாட்டான். இவ்வளவு விழிப்போடு தன் மதிப்பைக் காத்துக்கொள்கிறவனிடம் ஊக்கம் இல்லை என்று எப்படிச் சொல்வது? ஊக்கம் இருக்கிறது, அது படிப்பை விட்டு விலகி நிற்பதற்குச் செலவாகிறது.

மேலே செல்வதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மனத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் உடலையும் வீட்டையும் விசாரிப்பது முதல் கடமை. கரும்பலகை மங்கலாகத் தெரியும் பிள்ளை, ஒரு காது சரியாகக் கேட்காத பிள்ளை, போதிய தூக்கமோ உணவோ இல்லாமல் வரும் பிள்ளை, எழுத்துகளைக் கோத்து வாசிப்பதிலேயே இயல்பான தடை உள்ள பிள்ளை, வீட்டில் நோயாளியையோ தம்பி தங்கையையோ பார்த்துக்கொண்டுவிட்டு வரும் பிள்ளை ஆகிய அனைவரும் ஆசிரியரின் மேசையிலிருந்து பார்க்கும்போது ஆர்வமில்லாத ஒரே முகமாகத்தான் தெரிவார்கள். இவர்களிடம் ஊக்கம் பற்றிப் பேசுவது கொடுமை. கண்ணாடி வாங்கித்தர வேண்டிய இடத்தில் அறிவுரை வழங்கிக்கொண்டிருப்போம்.

பரிசும் தண்டனையும் பற்றி வருவோம். தண்டனையைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. அது வகுப்பை அமைதியாக்கும், ஆனால் அமைதியாக இருக்கும் வகுப்பு கற்றுக்கொண்டிருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் ஏதுமில்லை. பரிசுதான் ஏமாற்றக்கூடியது, ஏனெனில் அது அன்பின் வடிவில் வருகிறது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களிடம் துண்டுகளைப் பொருத்தி உருவங்கள் செய்யும் ஒரு புதிர் கொடுக்கப்பட்டது. ஒரு குழுவுக்கு இடையில் ஒரு கட்டத்தில் மட்டும், முடிக்கும் ஒவ்வொரு புதிருக்கும் பணம் தரப்பட்டது. பணம் நிறுத்தப்பட்ட பிறகு, யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்த ஓய்வு நேரத்தில் அந்தக் குழுவினர் புதிரோடு செலவிட்ட நேரம் குறைந்தது. முன்பு விளையாட்டாக இருந்தது இப்போது கூலியில்லாத வேலையாகிவிட்டது. 1973-இல் மார்க் லெப்பரும் அவருடைய சகாக்களும் மழலையர் பள்ளியில் நடத்திய ஆய்வு இன்னும் தெளிவானது. படம் வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு, வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வரையச் செய்தார்கள். இன்னொரு பிரிவினருக்குச் சொல்லாமல் பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவினருக்கு எதுவும் கொடுக்கவில்லை. சில நாள் கழித்துப் பார்த்தபோது, சான்றிதழை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் செலவிட்டதில் ஏறத்தாழப் பாதி நேரமே வரைவதில் செலவிட்டார்கள். எதிர்பாராமல் பெற்றவர்களிடம் அந்தச் சரிவு காணப்படவில்லை.

இதை வைத்துக்கொண்டு பரிசு எல்லாமே நஞ்சு என்று நான் வாதிடவில்லை. ஆய்வாளர்களிடையே இது குறித்து நெடுநாள் விவாதம் நடந்திருக்கிறது. தொடக்கத்திலேயே விருப்பம் இல்லாத, சலிப்பூட்டும் வேலையில் ஒரு சிறு பரிசு முதல் அடியை எடுத்து வைக்க உதவலாம். எதற்குப் பரிசு என்பதும் முக்கியம். பொருளியலாளர் ரோலண்ட் ஃபிரையர் அமெரிக்க நகரங்களின் பள்ளிகளில் நடத்தி 2011-இல் வெளியிட்ட சோதனைகளில், தேர்வு மதிப்பெண்ணுக்குப் பணம் தந்தபோது மதிப்பெண் உயரவில்லை. புத்தகம் வாசிப்பதுபோல் மாணவர் தாமே செய்து முடிக்கக்கூடிய செயலுக்குப் பணம் தந்த இடத்தில் ஓரளவு பலன் தெரிந்தது. பணம் வேண்டும் என்ற ஆசை எல்லா மாணவருக்கும் இருந்தது; மதிப்பெண்ணை எப்படி உயர்த்துவது என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. பிள்ளையிடம் "முதல் மதிப்பெண் எடுத்தால் மிதிவண்டி" என்று சொல்லும் பெற்றோர் இந்த ஒரு செய்தியையாவது நினைவில் கொள்ளலாம்.

இன்னொரு வழக்கமும் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை வெளியிலிருந்து ஒரு பேச்சாளரை அழைத்து, அரங்கு நிறைய மாணவர்களை உட்கார வைத்து, தன்னம்பிக்கை உரை நிகழ்த்தச் செய்வது. கைதட்டல் கூரையைப் பிளக்கும். மறுநாள் முதல் பாடவேளையில் அதே முழங்கை அதே வெற்றுப் பக்கத்தை மறைத்துக்கொண்டிருக்கும். பேச்சாளர்கள் மீது எனக்கு வருத்தம் இல்லை. அவர்கள் தங்கள் வேலையைச் செய்கிறார்கள். ஆனால் அந்த நிகழ்ச்சிக்கு ஒதுக்கும் நேரத்தை, வகுப்பாசிரியர் ஒவ்வொரு மாணவரோடும் தனியே சில நிமிடங்கள் பேசுவதற்கு ஒதுக்கினால் என்ன என்று எந்தக் கூட்டத்திலும் கேட்கப்படுவதில்லை.

அந்தச் சில நிமிடங்களில் எப்படிப் பேசுவது என்பதற்கு, பள்ளிக்கு வெளியே உருவான ஒரு முறை வழிகாட்டுகிறது. மதுப்பழக்கத்திலிருந்து மீள விரும்பியும் விரும்பாமலும் தத்தளிப்பவர்களுக்கு உதவுவதற்காக வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1983-இல் எழுதிய கட்டுரையில் தொடங்கி, பின்னர் ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து வளர்த்தெடுத்த உரையாடல் முறை அது. அதன் அடிப்படை எளியது. மனம் இரண்டுபட்டு நிற்கும் ஒருவரிடம் மாற வேண்டிய காரணங்களை நாமே அடுக்கினால், அவர் மாறாமல் இருப்பதற்கான காரணங்களைத் தாமே அடுக்கத் தொடங்குவார். பேசப் பேச அந்தப் பக்கமே அவருக்குள் வலுக்கும். மாற வேண்டிய காரணம் அவர் வாயிலிருந்தே வர வேண்டும். அதற்கு இடம் விட்டுக் கேட்பதே உதவுபவரின் வேலை.

வகுப்பறையில் இதற்கு ஒரு சிறு கேள்வி போதும். கணிதம் உனக்கு எவ்வளவு முக்கியம், 0 முதல் 10 வரை ஓர் எண் சொல் என்று ஒரு மாணவனிடம் கேட்டால், தோளைக் குலுக்கிக்கொண்டு "மூணு, சார்" என்பான். இங்கேதான் ஆசிரியரின் நாக்கு துடிக்கும். ஏன் மூன்றுதானா, எட்டாவது இருக்க வேண்டாமா, கணிதம் இல்லாமல் என்ன செய்வாய் என்று கேட்டுவிட்டால் உரையாடல் முடிந்தது. அவன் தன் மூன்றுக்கு வக்காலத்து வாங்கத் தொடங்குவான். மாறாக, "ஏன் ஒன்று என்று சொல்லவில்லை?" என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அந்த மௌனம் ஆசிரியருக்குத்தான் பெரிய சோதனை. சிறிது நேரம் கழித்து, "தங்கச்சி வந்து கேட்டா சொல்லித்தரத் தெரியணும்ல சார்" என்று ஒரு பதில் வரும். அல்லது, கடைக்குப் போனால் மீதிக் காசை யாரும் ஏமாற்றக் கூடாது என்று வரும். அல்லது, விமானம் ஓட்ட ஆசை, அதற்குக் கணக்கு வேண்டுமாமே என்று வெட்கத்தோடு வரும். எந்த அறிவுரையிலும் நாம் சொல்லியிருக்க மாட்டாத காரணங்கள் இவை. அடுத்த கேள்வி, தங்கைக்குச் சொல்லித்தர முதலில் எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறாய் என்பதாக இருந்தால், பின்னங்கள் என்று அவனே சொல்லக்கூடும். இப்போது பின்னத்தைக் கற்பிக்க வேண்டியவன் நான். கற்க வேண்டும் என்று முடிவு செய்தவன் அவன். இந்த வேறுபாட்டைத்தான் நாம் இழந்துகொண்டிருக்கிறோம்.

மாணவரே காரணத்தைக் கண்டடைவது என்பதற்கு வகுப்பு முழுமைக்கும் பொருந்தக்கூடிய ஒரு சான்றும் உண்டு. கிறிஸ் ஹல்மேன், ஜூடித் ஹரகீவிச் ஆகிய இருவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், உயர்நிலைப் பள்ளி அறிவியல் மாணவர்களில் ஒரு பிரிவினர் தாங்கள் படித்த பாடம் தங்கள் வாழ்க்கையோடு எப்படித் தொடர்புடையது என்று அவ்வப்போது எழுதினார்கள்; மற்றொரு பிரிவினர் பாடச் சுருக்கத்தை மட்டும் எழுதினார்கள். தம்மால் முடியும் என்ற நம்பிக்கை குறைந்திருந்த மாணவர்களிடம், தொடர்பை எழுதியதால் பாடத்தின் மேல் ஆர்வமும் மதிப்பெண்ணும் உயர்ந்தன. தொடர்பைக் கண்டுபிடித்தது ஆசிரியர் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். பாடத்தின் தொடக்கத்தில் "இது உங்களுக்கு வாழ்நாள் முழுக்கப் பயன்படும்" என்று நாம் சொல்வது தயங்கும் மாணவரின் காதில் அச்சுறுத்தலாகவே விழுகிறது; இதுவும் வரவில்லை என்றால் வாழ்நாள் முழுக்கத் தொல்லை என்றுதான் அவர் பொருள்கொள்வார்.

அடுத்து மதிப்பெண். இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் வகுப்பறையில் நாம் அன்றாடம் செய்யும் வேறெந்தச் செயலும் தயங்குபவரை இவ்வளவு திட்டமாக விலக்குவதில்லை. ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம், ஆறாம் வகுப்பு மாணவர்களின் பணிகளுக்கு ஒரு பிரிவில் மதிப்பெண் மட்டும், இன்னொரு பிரிவில் எழுத்துக் கருத்து மட்டும், மூன்றாவது பிரிவில் இரண்டும் தரப்பட்டன. கருத்து மட்டும் பெற்றவர்களிடம் ஆர்வம் குன்றாமல் இருந்தது. அவர்களுடைய பணியும் மேம்பட்டது. மதிப்பெண்ணும் கருத்தும் சேர்ந்து தரப்பட்டவர்களோ, மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே இருந்தார்கள். எண் கண்ணில் பட்டவுடன் எழுத்து மறைந்துவிடுகிறது என்பதை விடைத்தாள் கொடுக்கும் நாளில் எந்த வகுப்புக்குப் போனாலும் பார்க்கலாம். தாள் கைக்கு வந்ததும் மூலையில் இருக்கும் எண்ணைப் பார்ப்பார்கள். பக்கத்தில் இருப்பவரின் எண்ணை எட்டிப் பார்ப்பார்கள். தாள் இரண்டாக மடிந்து பைக்குள் போய்விடும். இரவெல்லாம் உட்கார்ந்து ஓரத்தில் எழுதிய குறிப்பை வாசித்தவர் எத்தனை பேர் என்று கேட்டு எந்த ஆசிரியரும் தம்மைப் புண்படுத்திக்கொள்ள வேண்டியதில்லை. பட்லரின் ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. மதிப்பெண் தரப்பட்ட பிரிவுகளில் நன்றாகப் படிப்பவர்களின் ஆர்வம் குறையவில்லை. பின்தங்கியவர்களின் ஆர்வம்தான் குறைந்தது. மதிப்பெண் முறையை நாம் எல்லோரும் நியாயமானது என்று கருதுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அதைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் அநேகமாக எல்லோரும் அதில் வென்று வந்தவர்கள்.

ஆண்டிறுதித் தேர்வை ஒழித்துவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கற்றுக்கொண்டிருக்கும்போது செய்யும் முதல் முயற்சிக்கு எண் வேண்டாம் என்று மட்டும் கேட்கிறேன். மேலே சொன்ன 2/5 என்ற விடைக்குச் சுழியம் போடுவதற்குப் பதிலாக, "உன் விடை 1/2-ஐவிடப் பெரியதா, சிறியதா? ஒரு கோடு வரைந்து இரண்டையும் குறித்துப் பார்" என்று எழுதிக் கொடுத்தால், தாள் பைக்குள் போகாது, அதில் இன்னும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. கோடு வரைந்து பார்த்து, "சார், குறைஞ்சுபோச்சு" என்று அந்த மாணவர் வியப்போடு தலைநிமிரும் கணத்தில், அவருக்கும் கணக்குக்கும் நடுவில் ஆசிரியர்கூட இல்லை.

டெசியும் அவருடைய சக ஆய்வாளர் ரிச்சர்ட் ரயனும் பின்னாளில் வகுத்த கோட்பாட்டின்படி, ஒருவர் ஒரு செயலைத் தம்முடையதாக ஏற்பதற்கு மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும்: தாமே தேர்ந்தெடுத்துச் செய்கிறோம் என்ற உணர்வு, தம்மால் முடிகிறது என்ற உணர்வு, சுற்றியிருப்பவர்கள் தம்மை மதிக்கிறார்கள் என்ற உணர்வு. கேட்பதற்குப் பெரிய விஷயமாகத் தோன்றினாலும் வகுப்பில் இவை சில்லறைச் செயல்களாகவே வருகின்றன. பத்துக் கணக்குகளில் எந்த ஆறை வேண்டுமானாலும் செய்யலாம் என்று விட்டுவிடுவது, விடையை எழுதியோ வரைந்தோ வாயால் சொல்லியோ காட்டலாம் என்பது, நேற்றுச் சரியாகச் செய்த கணக்கைவிட அரையடி மட்டும் கடினமான ஒன்றை இன்று கொடுப்பது, வராத நாளுக்கு மறுநாள் காரணம் கேட்பதற்கு முன் "நேற்று உன்னைக் காணோமே" என்று சொல்வது ஆகியவை போதும். கணக்குகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுத்தால் எல்லாரும் எளியதையே எடுப்பார்கள் என்று சக ஆசிரியர்கள் எச்சரிப்பது வழக்கம். முதலில் அப்படித்தான் எடுப்பார்கள். எளிய ஆறையும் முடித்துவிட்டவர் ஏழாவதை எட்டிப் பார்க்கத் தொடங்குவதற்குக் கொஞ்சம் காலம் பிடிக்கும், அவ்வளவுதான்.

கேள்வி கேட்டபின் காத்திருப்பதும் இந்த வரிசையில் சேரும். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கணக்கிட்டபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருந்தார்கள் என்று தெரிந்தது. அதை மூன்று விநாடிகளாக்கியபோது பதில்கள் நீண்டன, பதிலே சொல்லாமல் இருப்பது குறைந்தது, மந்தம் என்று கருதப்பட்ட மாணவர்களும் கூடுதலாகப் பேசினார்கள். செலவில்லாத சீர்திருத்தம் என்று ஒன்று கல்வியில் உண்டென்றால் அது இதுதான். பரவலாக நடைமுறைக்கு வராததற்கு, செலவு செய்து திறப்பு விழா நடத்த அதில் எதுவும் இல்லாததே காரணமோ என்னவோ.

பாராட்டிலும் கவனம் வேண்டும். கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வுகளில், புத்திசாலி என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் அடுத்து ஒரு தோல்வியைச் சந்தித்ததும், உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்களைவிட விரைவில் கைவிட்டார்கள். இந்த ஆய்வின் வழியில் பிற்பாடு கிளம்பிய, திறமை உழைப்பால் வளரும் என்று மாணவரை நம்பச் செய்யும் மனப்பாங்குப் பயிற்சிகள் பெரிய அற்புதம் எதையும் செய்துவிடவில்லை. கிடைத்த பலன் சிறிது. எனினும், தயங்கும் மாணவரிடம் "நீ புத்திசாலி" என்று சொல்வதில் ஓர் ஆபத்து இருப்பது உறுதி. அவர் காப்பாற்ற வேண்டிய பெயர் இன்னொன்று கூடிவிடுகிறது. "மூன்றாவது வரியில் வழியை மாற்றினாயே, அங்கேதான் கணக்கு பிடிபட்டது" என்று செய்ததைச் செய்ததாகச் சொன்னால் போதும்.

இவ்வளவுக்கும் எதிராக எழக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியாதவை அல்ல. மாணவர் விருப்பப்படி விட்டால் வகுப்பு கட்டுக்கடங்காமல் போய்விடும் என்பார்கள். உறுதியான ஒழுங்கு இல்லாத வகுப்பில் முதலில் அஞ்சி ஒடுங்குபவர் தயங்கும் மாணவர்தான். ஆகவே எதில் விட்டுக்கொடுக்க முடியாது என்பதை ஆசிரியர் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பிறரைக் கேலி செய்வதற்கு அனுமதி கிடையாது, வேலையே செய்யாமல் இருப்பதற்கும் கிடையாது. அந்த எல்லைக்குள் எதை, எந்த வரிசையில், எந்த வழியில் என்பதில் மாணவருக்குச் சொல்லுரிமை இருக்கலாம். இன்னொரு மறுப்பு, இத்தனையும் செய்தாலும் சிலர் அசைவதில்லை என்பது. உண்மை. ஓர் ஆண்டு முழுவதும் காத்திருந்தும் திறக்காத கதவுகள் உண்டு. அந்தப் பிள்ளை வேறொரு பாடத்திலோ, பட்டறையிலோ, சில ஆண்டுகள் கழித்தோ விழித்துக்கொள்ளலாம், விழிக்காமலும் போகலாம். எல்லாரையும் அசைக்கும் முறை என்று யாராவது விற்றால் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

மூன்றாவது மறுப்பு நேரம். அது முழுக்க முழுக்க நியாயமானது என்பதால்தான் இக்கடிதத்தைச் சக ஆசிரியர்களுக்கு எழுதாமல் பொதுமக்களும் கல்வித் துறையினரும் வாசிக்கும் இடத்துக்கு அனுப்புகிறேன். பெரிய வகுப்பை வைத்துக்கொண்டு, பாடத்தை முடித்ததற்கான பதிவேட்டை வாரந்தோறும் நிரப்பிக்கொண்டிருக்கும் ஒருவரிடம், ஒவ்வொரு மாணவரோடும் உட்கார்ந்து பேசுங்கள், தாள்தோறும் கருத்து எழுதுங்கள், கேள்விக்குப் பின் காத்திருங்கள் என்று சொல்வது இன்னொரு சுமையை ஏற்றுவதே ஆகும். கால அட்டவணையிலேயே வாரத்துக்கு ஒரு பாடவேளையைத் தனி உரையாடலுக்கென்று எழுதிவைத்து, அந்த நேரத்தில் மற்ற மாணவர்கள் தாங்களே தெரிவுசெய்த வேலையில் ஈடுபட ஏற்பாடு செய்தால் ஒரு பருவத்துக்குள் எல்லாரையும் ஒருமுறையாவது சந்தித்துவிட முடியும். ஆசிரியப் பயிற்சியில் விளக்கிச் சொல்லும் திறனுக்கு மதிப்பிடுவதுபோல, கேட்டுவிட்டுக் காத்திருக்கும் திறனுக்கும் ஒரு செய்முறைப் பயிற்சி வேண்டும். பள்ளியைப் பார்வையிட வருகிற அதிகாரிகள் எத்தனை பாடம் முடிந்தது என்று கேட்பதோடு, முதல் முயற்சியில் பிழை செய்த ஒரு மாணவரின் நோட்டை எடுத்து, அந்தப் பிழைக்குப் பின் என்ன நடந்தது என்று அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பார்க்கவும் வேண்டும். இவை அனைத்துக்கும் தேவையான நேரம் புதிதாக எங்கிருந்தும் வரப்போவதில்லை. பாடத்திட்டக் குழுவினர் ஒவ்வொரு வகுப்பின் கணிதப் புத்தகத்திலிருந்தும், மேல் வகுப்பில் மீண்டும் தொடக்கத்திலிருந்தே கற்பிக்கப்படவிருக்கும் ஓர் அத்தியாயத்தை நீக்கினால், வாரத்துக்கு ஒரு பாடவேளை ஆண்டு முழுவதும் இல்லாவிட்டாலும் ஒரு பருவத்துக்காவது கிடைக்கும். வரும் திருத்தத்தின்போது அக்குழு இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கணித ஆசிரியர் ஒருவர்